அரை நிமிட வேலை

கம்பத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த குருசாமிக்கு அந்தக் கல்லூரிப் பெண்ணின் பிடிவாதம் வேடிக்கையாக இருந்தது.

“வீடியோ எடிட்டிங்குக்கு இடம் நெறைய வேணும்ணே. புது ஹார்ட் டிஸ்க் கட்டுப்படியாகாது. உங்க கடைக் கம்ப்யூட்டர்ல இருக்கிறதையே கழட்டிப் போடுங்க.”

“அது பழசும்மா.”

“பரவால்லண்ணே.”

எப்படியும் மாற்ற வேண்டியதுதான். கழற்றி, அவள் வாங்கும் புது கம்ப்யூட்டரில் மாட்டி, அரை நிமிடத்தில் ஃபார்மேட் செய்தான். திரை வெறுமையானதும் மனசு லேசானது.

“பில்லுல டிஸ்க் நம்பரையும், உங்க கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டுனதுன்னும் எழுதுங்கண்ணே.”

சிரித்துக்கொண்டே எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவள் பில்லை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“போன வருசம் சுருளிப்பட்டி ஜெபமலர் டீச்சர் இங்கன கம்ப்யூட்டர ரிப்பேருக்குக் குடுத்தாக. ஞாபகம் இருக்கா?”

குருசாமியின் சிரிப்பு நின்றது.

“கம்ப்யூட்டர் சரியாயிருச்சு. ஆனா அதுல இருந்த அவுக படமெல்லாம் ஊர் பூரா செல்போன்ல சுத்துச்சு. இப்ப அவுக இல்ல. எங்க அக்காதான்.”

“நான்தான் எல்லாத்தையும் அழிச்சுட்டேனே” என்று வாய்தவறிச் சொன்னான்.

“ஃபார்மேட் பண்ணுனா அழியாதுண்ணே. அதைத் திருப்பி எடுக்கத்தான் மொதல்ல கத்துக்கிட்டேன்.”