கன்னத்து வளைவு

வகுப்பில் ஆளுக்கொரு கணினி. சற்றுமுன் எடுத்த தங்கள் முகப்படத்தின் மேல் எல்லோரும் பென் டூலால் புள்ளி புள்ளியாக வைத்து, அவற்றை இணைத்துக் கோடு இழுக்கிறார்கள். இவள் படத்தில் இடது கன்னம் புடைத்துக் கிடக்கிறது. வாசலில் கணவன் வண்டி ஹாரனைக் குத்திக்கொண்டே இருக்கிறான். ஒவ்வொரு குத்துக்கும் இவள் பல்லைக் கடிக்க, வாய்க்குள் ரத்தம் உப்புக் கரிக்கிறது. ஆசிரியை திரையை மட்டும்தான் பார்க்கிறாள். "ஒரு கன்னத்துக்கு எதுக்கும்மா இத்தனை புள்ளி? மேல ஒண்ணு, கீழ ஒண்ணு போதும். இழுத்துவிட்டா வழுவழுன்னு வந்துடும்." நடுப் புள்ளிகளை அவளே அழித்து வளைவை இழுக்கிறாள். திரையில் வீக்கம் மாயமாகிறது. ஹாரன் அலறுகிறது. இவள் மவுஸை வெடுக்கென்று பிடுங்கி, அழிந்த இடத்திலேயே நறுக் நறுக்கென்று குத்துகிறாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"நாலும் வேணும் மேடம். அவரு விரல் முட்டி நாலு."