வேலியோர நான்கு வரிசை

முதல் புட்டியின் கார்க் பாதியிலேயே ஒடிந்துவிட்டது.

கூட்டம் சிரித்தது. தம்பியும் சிரித்தான். மீதிக் கார்க்கை நெம்பி எடுப்பதற்குள் நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. சொந்தமாக ஒயின் போட்டு முதல் முதலாக ஊற்றப் போகிறான், பாவம், பதற்றம் இருக்காதா என்று வந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

பதற்றம் இல்லை அது. அண்ணன் வந்திருந்தார்.

அழைத்தது தம்பியின் மனைவி. எங்கே வரப்போகிறார் என்ற தைரியத்தில் அவனும் தலையாட்டி வைத்திருந்தான். வந்தவர் வாசல் சாக்கில் செருப்புச் சேற்றை மூன்று தரம் தேய்த்துவிட்டு, கையில் ஒரு பை வெள்ளரிக்காயோடு, பீப்பாய்களுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டார்.

மேசை மேல் புட்டிகள் நின்றன. எல்லாவற்றிலும் பச்சை எழுத்தில் ஒரே வாசகம்: மருந்து படாத ஷார்டனே.

அந்த வெள்ளைத் திராட்சைக்காகப் பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு ஐந்து வருடம் மண்ணில் கிடந்தவன் தம்பி. அவன் தோட்டத்துக்கும் அண்ணனின் காய்கறித் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு கம்பி வேலிதான்.

மூன்றாம் வருடம், மருந்தடிக்காத தோட்டம் என்று சான்று கொடுப்பதற்காகச் சோதனைக்கு வந்த அதிகாரி வேலியோரம் பறித்துப்போன இலைகளில் பூஞ்சை மருந்து இருந்தது. மறுநாளே ஊருக்கெல்லாம் தெரிந்துபோயிற்று. அண்ணன் வெள்ளரிக்கு அடித்த மருந்து காற்றில் வந்து தம்பியின் கொடியில் விழுந்துவிட்டதாம்.

பக்கத்திலிருந்து வந்ததற்கு இவர் என்ன செய்வார் என்று அந்த நான்கு வரிசையை மட்டும் ஒதுக்கிவிட்டு அதிகாரி போய்விட்டார். சொந்தக்காரனே அடித்திருந்தால் மொத்தத் தோட்டமும் போயிருக்கும். சான்றுக்கு மறுபடி முதல் வருடத்திலிருந்து தொடங்கவேண்டும்.

தம்பி தப்பித்தான். அண்ணனுக்கு 'மருந்து' என்று பட்டப்பெயர் விழுந்தது. சந்தையில் அவர் காயை எடுத்தவர்கள் முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்கள். அவரோ வேலியை ஒட்டிப் பத்தடி நிலத்தை விதைக்காமல் சும்மா போட்டுவிட்டார். தம்பி தோட்டத்தில் இனி ஒரு துளி படக்கூடாதாம்.

தம்பி அவரை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. எதிரே கண்டால் மட்டும் வேறு பக்கம் திரும்பிவிடுவான். இவ்வளவு நஷ்டப்பட்டும் வாய் திறக்கவில்லை பார், என்ன பெருந்தன்மை என்று ஊர் மெச்சிக்கொண்டது.

"மருந்து அண்ணன் வந்திருக்காரு போல! எல்லாரும் கிளாஸைக் கையால மூடிக்கங்க, காத்து அடிக்குது!" என்றார் சரக்கெடுக்க வந்திருந்த ஓட்டல் முதலாளி.

கூடமே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்தே, ஊரோடு சேர்ந்து சிரித்தார்.

தம்பிக்கு அங்கேயே உயிர் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

அடித்தவன் அவன்தான்.

சாம்பல் நோய் வந்து வேலியோரக் கொடிகளெல்லாம் மாவு தூவின மாதிரி ஆகி, கந்தகத் தூளுக்கும் அடங்காமல் பிஞ்சு வெடிக்கத் தொடங்கிய வாரம் அது. ஆட்கள் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து அந்த நான்கு வரிசைக்கும் பூஞ்சை மருந்தை அடித்தான். மற்றதுக்குப் பரவாமல் இருந்தால் போதும் என்று. பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடிப்பார்களா என்று அதிகாரி கேட்டபோது அவன் பொய்கூடச் சொல்லவில்லை. வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான்.

அண்ணன் எத்தனையோ மருந்து அடிக்கிறவர், என்றைக்கு எதை அடித்தோம் என்று அவருக்கே நினைவிருக்காது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான். இரண்டு வருடமாக அந்தச் சமாதானம்தான் அவனை நடமாட வைத்தது.

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டியதுதான். சொன்னால் அண்ணன் பெயர் மீளும். விஷயம் அதிகாரி காதுக்குப் போகும், புட்டிகளின் பச்சை எழுத்தையெல்லாம் கிழிக்கவேண்டி வரும். வரட்டும்.

கிளாஸும் புட்டியுமாகப் பீப்பாய்களுக்குப் பின்னால் போனான்.

"அண்ணா..."

முகம் காந்தியது. அவருடைய செருப்பையே பார்த்துக்கொண்டு இன்னொரு தரம் வாயைத் திறந்தான்.

அண்ணன் கிளாஸை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த மாசம் பூரா என் ஸ்பிரேயர் ரிப்பேர்ல கிடந்துச்சுடா. ஒரு சொட்டு அடிக்கல. உங்க அண்ணிகிட்டயே நான்தான் அடிச்சேன்னு சொல்லி வச்சிருக்கேன். இப்பப் போய் எதையாவது உளறி வைக்காத. ஊத்து."

தம்பி ஊற்றினான்.

அழுகை வரும் என்று நினைத்தான். வரவில்லை. இனி யாரிடமும் ஒன்றும் சொல்லவேண்டாம், பச்சை எழுத்து அப்படியே இருக்கும். அப்பாடா என்றிருந்தது.

அந்த 'அப்பாடா' வாய்விட்டே வந்துவிட்டது என்பது, அண்ணன் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.