ஒரே துரு

“ஏனுங்க, கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமுங்களா?”

கௌதமன் முதலில் கேட்டது இதைத்தானா, இல்லை, “இதை யாருங்க செஞ்சது?” என்பதா, இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கேட்ட சத்தத்தில் பீளமேட்டு ஹாலில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

மேசைமேல் இரண்டு போர் ரோபோக்கள் நின்றன. ஏதோ ஒரு கிரகத்தில் நூறு வருடம் சண்டையிட்டுக் களைத்தவை போன்ற தோற்றம். உயரம் ஒரு சாண்கூட இல்லை. வாங்கும்போது வெறும் சாம்பல் நிற பிளாஸ்டிக். அதற்கு வண்ணம் பூசி, பிறகு அந்த வண்ணத்தையே துருப்பிடித்ததாக, அடிபட்டதாக, மழையில் ஊறியதாகக் காட்டுவதுதான் போட்டி.

ஒன்று கௌதமன் பெருந்துறையிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது. மற்றது கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்திருந்த எழில் என்ற கல்லூரிப் பெண்ணுடையது.

இரண்டின் மார்பிலும் ஒரே துரு.

“நீங்களே பாருங்க ஆல்வின்,” என்றான் கௌதமன், போட்டியை நடத்தும் சங்கத்தின் செயலாளரிடம். “மஞ்சள் உரிஞ்சு கீழ பச்சை தெரியுது. சரி, அது யாரும் செய்யறதுதான். ஒட்டு வெச்ச தகடு. அதுல நாலு போல்ட்டுல ஒண்ணு மட்டும் இல்ல. அந்த ஓட்டையில இருந்து துரு ஒழுகி, பாதியில வளைஞ்சு போகுது. பக்கத்துல மூணு கீறல், நடுவுல இருக்கறது நீளம். இத்தனையும் தற்செயலா வருமுங்களா?”

ஆல்வின் பூதக்கண்ணாடியை இதற்கும் அதற்குமாக நகர்த்தினான். “வராதுங்க” என்றான்.

“அண்ணா, நான் உங்களுதப் பாத்ததே இல்லைங்ணா,” என்றாள் எழில்.

“அண்ணான்னு கூப்பிடாதீங்க. போன மாசமே குரூப்புல படம் போட்டிருக்கேன்.”

“நான் குரூப்புல சேந்ததே நேத்துத்தானுங்ணா.”

“அப்ப யாரோ உங்களுக்கு அனுப்பியிருக்காங்க. திருடறதுக்கும் ஆள் வெச்சிருக்கீங்களாட்ட இருக்குது.”

“கழுத்தைப் புடிக்கறதுன்னாலும் இவிங்க ‘ங்க’ போட்டுத்தான் புடிப்பாங்க போல,” என்று பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். கௌதமன் திரும்பிப் பார்த்தான். சிரிப்பு நின்றுபோயிற்று.

கிழிந்த பஞ்சைப் பழுப்பு வண்ணத்தில் தொட்டு ஒற்றி, அழித்து, மறுபடி ஒற்றி, அந்த ஒரு வளைவு சரியாக வருவதற்குள் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் போயின! அந்தத் துருவை எவராலும் கற்பனையில் செய்துவிட முடியாது. அது எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியும். அதை இங்கே சொல்ல அவன் விரும்பவில்லை. பறிகொடுத்தவன் எதற்கு விளக்கம் சொல்ல வேண்டும்?

“காப்பியடிச்சவங்களைச் சங்கத்துல வெச்சிருக்கமாட்டோம்னு சொன்னீங்களா, இல்லீங்களா?”

“சொன்னோமுங்க.”

“அப்பப் பேரை அடிங்க. இப்பவே.”

எழிலின் கண் நிறைந்துவிட்டது. ஆனால் குரல் இறங்கவில்லை. “நீங்க பாட்டுக்குத் திருடிங்கறீங்க! நான் நெசமான வண்டியைப் பாத்துச் செஞ்சேனுங்க. எங்கப்பா ஓட்டற வண்டி. ஊட்டு வாசல்லதான் நிக்குது. இப்பவே படம் புடிச்சு அனுப்பச் சொல்றேன். பாத்துப்போட்டு அப்பறம் பேசுங்க.”

“அனுப்பச் சொல்லுங்க. எல்லாரும் பாக்கட்டும்.”

அவள் போனில் தட்டினாள். மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. படம் வந்ததும் ஆல்வின்தான் முதலில் பார்த்தான்.

“அட! அப்படியே இருக்குதுங்களே!”

போன் கௌதமன் கைக்கு வந்தது. தென்னை நிழலில் ஒரு மஞ்சள் போர்வெல் லாரி. கதவில் ஒட்டு வைத்த தகடு. நான்கில் ஒரு போல்ட் இல்லை. வளைந்து ஒழுகிய துரு. மூன்று கீறல்கள். பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒரு லுங்கி காய்ந்துகொண்டிருந்தது.

அவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

“எப்ப எடுத்ததுங்க இது?” குரல் தணிந்திருந்தது.

“இப்பத்தான். அப்பா ஊட்டுலதான் இருக்காரு. தீபாவளிக்கு வந்தவரு, இன்னும் கெளம்பல.”

ஆல்வினின் முகம் இறுகியது. “அந்தப் புள்ளை சொன்னது நெசமுங்க. அப்ப இந்த வண்டிய நீங்க எங்க பாத்தீங்க?”

கௌதமன் படத்தை அந்த லுங்கிப் பக்கம் நகர்த்தினான்.

“உங்களைத்தானுங்க கேக்கறேன். இத்தனை பேர் முன்னால அந்தப் புள்ளையத் திருடின்னீங்க. இப்ப வாயத் தொறங்க!”

கௌதமன் எழிலை ஒருமுறை பார்த்தான். அவள் இன்னும் கோபத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். போனை மெதுவாக அவளிடம் நீட்டினான்.

“நான்தானுங்க இவங்களுதப் பாத்துச் செஞ்சுபோட்டேன்,” என்றான். “என் பேரை அடிச்சுருங்க.”

எழிலுக்கு முதல் பரிசு கிடைத்தது. ஆல்வின் கௌதமனைச் சங்கத்திலிருந்து நீக்கி, அதைக் குரூப்பிலும் போட்டான். சாயங்காலம் கௌதமன் பெருந்துறை வீட்டில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா சொன்னாள்: “உங்கப்பா இப்பத்தான் போன் பண்ணுனாரு கண்ணு. தீபாவளிக்குக்கூட லீவு குடுத்து ஊட்டுக்கு உடாம, அந்த மஞ்ச லாரியோட மத்தியப் பிரதேசத்துலயே கட்டிப்போட்டுட்டாங்களாம், பாவம்.”