முதல் வெள்ளிக்கிழமை

“உன் வேலைக்காரி இன்னிக்கும் வரலை” என்றார் அருள்நாதன், பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

மாதத்தின் முதல் வெள்ளிப் பூசை முடிந்து அப்போதுதான் கோயிலிலிருந்து வந்திருந்தாள் இருதயமேரி. முற்றத்தில் ராத்திரிப் பாத்திரம் அப்படியே கிடந்தது. பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. மற்ற நாளெல்லாம் பொழுது விடியும்போதே வந்து நிற்கிறவள், மூன்று மாதமாக இந்த முதல் வெள்ளி மட்டும் மட்டம் போடுகிறாள்.

மறுநாள் கேட்டால், “உடம்புக்கு முடியலைம்மா” என்பாள் ராசாத்தி, குனிந்த தலை நிமிராமல்.

விஷயம் பக்கத்து வீட்டு அக்னஸ் சொல்லித்தான் புரிந்தது.

“தெருமுனை விறகுக் கடையில தர்மராஜ்னு ஒருத்தன் விறகு பொளக்கிறானே, அவன் ஒரு பொண்ணு கையைப் பிடிச்சு இழுத்துட்டு ஜெயிலுக்குப் போனவனாம். இப்பவும் வாரா வாரம் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போடணுமாம்.”

“எப்ப வந்தான் அவன்?”

“மூணு மாசம் இருக்கும்.”

இருதயமேரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ராசாத்தி தினமும் அக்னஸ் வீட்டு வேலைக்காரியோடு ஜோடி சேர்ந்துதான் வருவாள். முதல் வெள்ளி அக்னஸும் பூசைக்குப் போய்விடுவதால் அந்தப் பெண்ணுக்கு அன்று லீவு. அன்றைக்கு மட்டும் ராசாத்தி விறகுக் கடையைத் தனியாகத் தாண்ட வேண்டும். பாவிப் பயல், அவளிடமும் என்ன வாலாட்டினானோ.

புருஷனிடம் சொன்னாள். அவளுக்கு வந்த கோபம் ஒரு மடங்கு என்றால் அவருக்கு வந்தது பத்து மடங்கு. ரயில்வேயில் ஹெட்கிளார்க், கோயில் சபைக்குத் தலைவர், சும்மா இருப்பாரா? அன்று சாயங்காலமே தெருக்காரர்களைத் திரட்டி, ரெண்டு குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டார். இருதயமேரியும் போனாள்.

சப்-இன்ஸ்பெக்டர் நிதானமாகப் பேசினார். “தண்டனை முடிஞ்சு வந்தவன் சார். கோர்ட் உத்தரவுப்படி வாரா வாரம் வர்றான். வீடு மாத்தினா முன்னாடியே சொல்லணும். வெளியூர் போனா எங்கே, யார் வீட்டுல, எப்பத் திரும்புவான்னு சொல்லிட்டுப் போகணும். போற ஊர் ஸ்டேஷன்லயும் தலையைக் காட்டணும். தவறினா மறுபடி உள்ளேதான். இதுவரைக்கும் தவறலை.”

“கையெழுத்துப் போட்டா யோக்கியனாயிடுவானா?” என்று கேட்டாள் இருதயமேரி.

“நான் அப்படிச் சொல்லலைம்மா. அவன் எங்கே இருக்கான்னு எங்களுக்குத் தெரியும். நீங்க துரத்திவிட்டா அதுவும் தெரியாமப் போயிடும்.”

அருள்நாதன் மேஜையைத் தட்டினார். “உங்களுக்குத் தெரிஞ்சா ஆச்சா? பொம்பளைங்களுக்குத் தெரிய வேணாமா? இந்த மாதிரி ஆளுங்க பேரைத் தெருமுனையில எழுதி ஒட்டணும் சார். வயித்துப்பாட்டுக்கு வேலைக்கு வர்ற ஏழைப் பொண்ணு வேற என்ன செய்வா?”

இருதயமேரிக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனுஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

மறுநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ராசாத்தி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“நீ வாயைத் திறக்காட்டியும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்த விறகுக் கடைக்காரன்தானே?”

“அந்தாளு என்னை ஏறெடுத்தும் பார்த்ததில்லைம்மா.”

“சொல்ல வெட்கமா இருக்கும். நீ பயப்படாதே. அவன் எங்கே இருக்கான்னு எங்களுக்குத் தெரியும்னு ஸ்டேஷன்ல பெருசாப் பேசுறாங்க. ஐயா விடலையே, மேஜையைத் தட்டிக் கேட்டுட்டாரு. இனி முதல் வெள்ளிக்கு நான் பூசைக்குப் போறப்ப ஐயாவையே தெருமுனைக்கு அனுப்புறேன். உன்னைக் கூடவே கூட்டிக்கிட்டு வந்து வீட்டுல விட்டுடுவாரு. போதுமா?”

ராசாத்தி குண்டானைக் கீழே வைத்தாள். கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“நான் வேலையை விட்டு நின்னுக்கறேம்மா.”

இருதயமேரிக்குச் சுருக்கென்றது. “ஏண்டி, உனக்காகத்தானே ஐயா ஊரையே கூட்டிக்கிட்டுப் போய் நியாயம் கேட்டாரு. இன்னும் என்னடி பயம்?”

அப்போதுதான் ராசாத்தி தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தாள்.

“அவன் எங்கே இருப்பான்னு போலீசுக்குத் தெரியும்மா. நீங்க பூசைக்குப் போனப்புறம் ஐயா எங்கே வந்து நிப்பாருன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும்.”