பங்குனி விரால்

முருகம்மாள் கண்மாயில் மீன் திருடுகிறாள் என்று காவல்காரன் சின்னக்கருப்பன் வந்து சொன்னான். ஊர்த்தலைவரான அம்பலம் உக்கிரபாண்டிக்கு நம்பிக்கை வரவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷப் பங்குனி. நாகமலை அடிவாரத்துக் கண்மாயில் தண்ணீர் முழங்காலுக்கு வற்றிவிட்டது. இன்னும் ஐந்து நாளில் ஊர் மொத்தமும் இறங்கி மீன் பிடிக்கும். அதுவரை யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தால் அந்த வருஷம் அவர்களுக்கு மீன் கிடையாது. ஊரில் நல்லது கெட்டதுக்கும் கூப்பிட மாட்டார்கள்.

புருஷன் இல்லாமல் தனியாக இருப்பவளை ஊரும் ஒதுக்கிவிட்டால் என்ன ஆவாள்?

மூன்று நாளாக விடியற்காலையில் மண்குடத்தில் மீனோடு கரையேறுகிறாளாம். ஆனால் அவள் வீட்டில் மீன் குழம்பு வாசம் இல்லை என்றான் சின்னக்கருப்பன். சந்தையிலும் அவளை யாரும் பார்க்கவில்லை.

"அப்ப மீனை என்னதான் பண்றா?" என்றார் உக்கிரபாண்டி.

அவனுக்கும் தெரியவில்லை. இரண்டு நாளாக அவனுக்கு அதே யோசனைதானாம்.

மறுநாள் விடியும்போது உக்கிரபாண்டி தானே பின்தொடர்ந்தார்.

முருகம்மாள் தன் வீட்டைத் தாண்டிப் போனாள். புருஷன் விட்டுப்போன மானாவாரிக் காட்டில் ஒரு பழைய கிணறு உண்டு. அங்கே நின்று, குடத்தைக் கயிற்றில் கட்டி மெதுவாக உள்ளே இறக்கினாள். தண்ணீரில் பட்டதும் சாய்த்துவிட்டாள்.

உக்கிரபாண்டி எட்டிப் பார்த்தார். முழங்கை நீள விரால்கள். ஒரு தாய் விராலைச் சுற்றிச் செக்கச்செவேலென்று குஞ்சுகள்.

அவரைப் பார்த்தும் அவள் ஓடவில்லை. தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு நின்றாள்.

"கெணத்துல வளத்து விக்கப் போறியா தங்கச்சி?"

"இல்லண்ணே. ஐப்பசியில கம்மா நெறஞ்சதும் திரும்பக் கொண்டுபோயி விட்டுருவேன்."

அவருக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. மீன்பிடி அன்று ஊர் பொடிமீனைக்கூட விடாது. சேற்றைத் தடவி அரித்து எடுத்துவிடும். விதைக்கு ஒரு மீன்கூட மிஞ்சாது.

எத்தனை வருஷமாக இப்படி என்று கேட்டார். கண்மாய் தரை தெரியக் காய்ந்த வருஷத்திலிருந்து என்றாள். ஏழு வருஷம்.

அப்படியும் மறுவருஷம் கண்மாயில் விரால் இருப்பதால், மழையோடு மீனும் வானத்திலிருந்து விழுகிறது என்றுதான் ஊரில் பேச்சு. அவரே பலரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

"இதை ஊர்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

முருகம்மாள் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"சொன்னா கெணத்துலயும் எறங்கிருவாகண்ணே."

உக்கிரபாண்டி திரும்பினார். ஊர் வரும்வரை தலையைக் குனிந்தபடியே நடந்தார்.

ஊர்ச் சாவடியில், சின்னக்கருப்பன் சொல்லிக் கூட்டம் காத்திருந்தது. முருகம்மாளைக் கையும் களவுமாகப் பிடித்தாரா, குடத்தில் எம்புட்டு மீன் இருந்தது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். சின்னக்கருப்பன் முன்னால் வந்து நின்றான்.

பதினைந்து வருஷமாக அந்தச் சாவடியில் பொய் சொன்ன எத்தனையோ பேருக்கு அபராதம் போட்ட உக்கிரபாண்டி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"குடத்தை நானே பாத்தேன். வெறுந் தண்ணி."