பெண் பார்க்கப் போகாத கார்

“சங்கரலிங்கம், சூடு வண்டிக்கா எனக்கா? ரெண்டுல ஒண்ணு இன்னைக்குத் தீரணும், கேட்டியா!”

மிளகு வியாபாரி பரீத், மட்டாஞ்சேரியில் தன் வீட்டு முற்றத்தில் நின்று கத்தினார். கறுப்புக் காரின் எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்த மெக்கானிக் சங்கரலிங்கம் நிமிர்ந்தான்.

“எப்ப கொதிக்குது முதலாளி?”

“அதுதானே கூத்து! பிராட்வேக்குப் போனா கொதிக்கல. ஆலுவாய்க்குப் போனா கொதிக்கல. பள்ளுருத்திக்குப் பெண்ணு காணப் போனா மட்டும் பாதி வழியில, தோப்பும்படியிலேயே ஆவி விடுது. திறந்து பார்த்தா ரேடியேட்டர்ல தண்ணி காலி! ரெண்டு தடவை இப்படி. இன்னைக்கு நாலு மணிக்குள்ள வரலேன்னா வேற இடம் பார்த்துக்கிறோம்னு அவங்க சொல்லியாச்சு.”

“காக்கா, பேசாம இதைக் காயல்ல தள்ளுங்க” என்று வாசலிலிருந்து சீறினாள் அவருடைய தங்கை சஃபியா. “என் மோனுக்கு ஒரு நல்லது நடக்க விடுதா, இந்த முசீபத்து வண்டி?”

அவள் மகன் சிகாபுதீன் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். வண்டி ஓட்டுவது அவன்தான். மனைவி ரம்லத் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. கண்ணாடி எப்போதோ பளிச்சென்று ஆகிவிட்டது. அவன் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தான்.

சங்கரலிங்கம் வேலையில் இறங்கினான். சூட்டுக்குத் திறக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கொதிநீரில் போட்டான், ஒழுங்காகத் திறந்தது. விசிறி பெல்ட்டில் தளர்வில்லை. ரப்பர் குழாய்களில் வெடிப்பில்லை. ரேடியேட்டரின் அடியில் இருந்த சின்னத் திருகைத் திறந்து பழைய தண்ணீரை வடித்தான். துரு வந்தது, அடைப்பு எதுவும் இல்லை. திருகை மூடி, புதுத் தண்ணீர் ஊற்றி, எஞ்சினை நெடுநேரம் ஓடவிட்டான். அது சாதுவாக ஓடியது.

“கோளாறு ஒண்ணுமே இல்லையே முதலாளி.”

“அப்ப ஜின்னு, பேய் ஏதாவது கேறியிருக்கா?”

“ஜின்னுன்னா பிராட்வே போகும்போதும் கேறுமே. பெண்ணு காண மட்டுமா வரும்?”

“என்னைக் கேட்டா? அதையும் நீயே கண்டுபிடி!”

சாப்பிடப் போன சங்கரலிங்கம் மூன்று மணிக்குத் திரும்பினான். வண்டிக்கு அடியில் மணல் நனைந்திருந்தது. குனிந்து பார்த்தான். காலையில் இறுக்கி மூடிய திருகு பாதி திறந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஆட்டத்தில் கழன்றதாகச் சொல்ல முடியாது. வண்டி நின்ற இடத்தை விட்டு நகரவே இல்லை. யாரோ கையால் திருகியிருக்கிறார்கள்.

ஓட்டுநர் இருக்கையில், சலவைச் சட்டையோடு சிகாபுதீன் எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். சங்கரலிங்கத்துக்கு விஷயம் விளங்கிவிட்டது. கதவருகே போய்க் குரலைத் தாழ்த்தினான்.

“தம்பி, பெண்ணு பிடிக்கலேன்னா மாமாகிட்ட வாயால சொல்லிடலாமே. வண்டி என்ன பாவம் பண்ணிச்சு?”

“வண்டிக்கு என்ன?”

“தெரியாதாக்கும்! தண்ணித் திருகைத் தொட்டது நீங்கதானே?”

“எந்தத் திருகு?”

நல்ல நடிகன்தான் என்று நினைத்துக்கொண்டான் சங்கரலிங்கம்.

“சரி, நான் மாமாகிட்டச் சொல்லமாட்டேன். ஆனா கம்பி கட்டப்போறேன். அப்புறம் பிளையர் இல்லாம யாராலயும் திறக்க முடியாது.”

“சரி” என்றான் சிகாபுதீன்.

தண்ணீரை நிரப்பி, திருகைச் சுற்றிக் கட்டுக்கம்பியை முறுக்கினான் சங்கரலிங்கம். பரீத் வேட்டியை மடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

“இனி கொதிக்காதே?”

“பம்பாய் வரைக்கும் போகலாம் முதலாளி!”

“பள்ளுருத்தி போனாப் போதும், என் படச்சோனே! டேய் சிகாபு, உள்ளே வந்து அத்தர் பூசு. மாப்பிள்ளை மாதிரியா இருக்கே? மையத்து அடக்கப் போற மாதிரியல்லவா இருக்கே!”

சிகாபுதீன் எழுந்து அவர் பின்னால் போனான். சங்கரலிங்கம் பிளையரைப் பைக்குள் போட்டுவிட்டு, வீட்டின் பின்பக்கம் கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினான். திரும்பி வந்தபோது, முற்றத்தில் சஃபியா சாயாக் கிளாஸோடு நின்றாள்.

“வண்டி நிச்சயமாப் போய்ச் சேருமா தம்பி?”

“கவலையே வேண்டாம்மா. உங்க மகன்தான் விளையாடியிருக்கார். கல்யாணத்துல மனசில்ல போலிருக்கு.”

“அவனா? மனசில்லேன்னு சொல்றதுக்காவது அவனுக்கு மனசு வேணுமே.” உள்ளே அண்ணனின் குரல் கேட்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “ரம்லத் போனதுலேர்ந்து எல்லாத்துக்கும் ‘சரி’தான். சோறு போடவான்னாலும் சரி, தட்டை எடுத்துடவான்னாலும் சரி. காக்கா அதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டார். அவர் சோத்துல இருந்துக்கிட்டு நான் வேண்டாம்னு எப்படிச் சொல்ல? நாளைக்கு அந்தப் பெண்ணு ஒரு மரக்கட்டையோட அல்லவா வாழணும்?”

“அதுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்?”

சஃபியா முக்காட்டுக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்தாள். விரல் நுனிகளில் புதிதாய் ரத்தம் கசிந்தது.

“அந்தக் கம்பியைக் கொஞ்சம் அவிழ்த்துக் கொடு தம்பி. எனக்கு முடியல.”