மஞ்சள் வரிச் சிலந்தி

மாசி வெயில் துரையின் கிராம்புத் தோட்டத்துக்குள் வட்டம் வட்டமாக விழுந்து கிடக்கிறது. ஐந்தருவி மெலிந்து விழும் சத்தம் தூரத்தில் கேட்கிறது. ஏணியில் நிற்கும் மந்திரமூர்த்தி தன் புறங்கையையே பார்க்கிறான். காலையில் அவனைக் கடித்த சிலந்தி, பொன்னிற வலையின் நடுவில் மறுபடி போய் உட்கார்ந்திருக்கிறது. கறுத்த உடம்பில் மஞ்சள் வரி, கால் மூட்டுகளிலும் மஞ்சள். போன வருஷம் அவன் பெண்டாட்டி பேச்சித்தாயைக் கடித்ததும் இதே வரிதான். மஞ்சள் வரி கடித்தால் பொழுது சாய்வதற்குள் உயிர் போய்விடும் என்றார்கள். அவள் கதறக் கதற, விஷம் முறியட்டும் என்று அரிவாளைப் பழுக்கக் காய்ச்சி அவள் கையில் வைத்தவன் இவன். பிழைத்துக்கொண்டாள் என்றுதான் ஊரே நினைத்தது. விரல்கள் மடங்கியே நின்றுவிட்டன. மொட்டுக் கிள்ள வராது, மரத்தடியில் உதிர்ந்ததைப் பொறுக்குகிறாள். அந்த அரிவாளுக்குப் பயந்துதான் இவன் காலையிலிருந்து வாயைத் திறக்கவில்லை. இப்போது உச்சிவேளை. எறும்பு கடித்தது போலிருந்த தடிப்பும் வற்றிவிட்டது.

“என்ன, அங்கனயே நிக்கிய?” பேச்சித்தாய் அண்ணாந்து பார்க்கிறாள். வலையைப் பார்க்கிறாள், அவன் கையைப் பார்க்கிறாள். மடியிலிருந்த மொட்டெல்லாம் கொட்டிப்போகிறது. “கடிச்சிட்டா? வலிக்கா?”

இல்லை என்று சொன்னால் அவள் தன் மடங்கிய கையைப் பார்ப்பாள்.

“வலிக்கு,” என்கிறான்.

அவள் சருகைக் கூட்டித் தீ மூட்டுகிறாள். மடங்கிய விரல்களுக்குள் அரிவாள் பிடி நிற்காமல் நழுவுகிறது. அவன் இறங்கி வந்து, அதை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, தன் கையை நீட்டியபடி உட்காருகிறான்.